நெடுநூல்களும் மக்கள் வரவேற்பும்: இஸ்லாமிய இலக்கிய வரலாறு தரும் சில சான்றுகள்

ஓர் இலக்கியப் படைப்பின் நீளத்துக்கும் அதற்குக் கிடைக்கும் மக்கள் வரவேற்புக்கும் தொடர்பு உண்டா என்பது அறிஞர்களிடையே அடிக்கடி எழும் வினாவாகும். பெருநூல்களே மக்கள் மனத்தில் நிலைபெறுகின்றன என்பர் ஒரு சாரார். பிர்தௌஸியின் ஷாஹ்நாமா, ஆயிரத்தொரு இரவுகள், ரூமியின் மஸ்னவி, நம் மொழியில் சீறாப்புராணம் ஆகியவற்றை அவர்கள் சான்றாகக் காட்டுவர். குறுநூல்களே எளிதிற் பரவும் என்பர் மற்றொரு சாரார். கஸீததுல் புர்தாவையும், வீடுகள்தோறும் ஓதப்பட்ட முனாஜாத்துகளையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். இரு சாராரும் காட்டும் சான்றுகள் உண்மையானவையே. அவ்வாறாயின் வினா தொடுக்கப்படும் முறையிலேயே ஏதோ ஒரு குறை இருத்தல் வேண்டும்.

நூலின் நீளத்தைக் காரணமாகவும், வரவேற்பை அதன் விளைவாகவும் நாம் வழமையாகக் கருதுகின்றோம். இஸ்லாமிய நாகரிகத்தின் நூல் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இத்தொடர்பு பெரும்பாலும் எதிர்த்திசையில் இயங்கியிருப்பது புலனாகும். மக்கள் விரும்பிய நூல் காலப்போக்கில் நீண்டது. மக்களுக்குத் தேவைப்பட்ட நூல் காலப்போக்கில் சுருங்கியது. இக்கருத்தைச் சில வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு விளக்குவதும், அது தமிழ் பேசும் முஸ்லிம்களின் காப்பிய மரபுக்கு எத்தகைய படிப்பினையைத் தருகின்றது என்பதைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெய்ரோவின் கதைகூறுவோர்

ஆங்கிலேய அறிஞரான எட்வர்ட் வில்லியம் லேன் 1825ஆம் ஆண்டுக்கும் 1835ஆம் ஆண்டுக்கும் இடையில் இருமுறை எகிப்தில் நீண்ட காலம் தங்கியிருந்தார். எகிப்தியரின் வாழ்க்கைமுறை பற்றி அவர் எழுதிய நூல் 1836இல் வெளிவந்தது. கெய்ரோவின் காப்பிக் கடைகளில் மாலை வேளைகளில் மக்களுக்குக் கதை கூறியோரைப் பற்றிய விரிவான குறிப்புகள் அதில் உள்ளன. அவர்களை அவர் மூன்று பிரிவினராக வகுத்து, ஒவ்வொரு பிரிவினரின் தொகையையும் தந்திருப்பது நமக்குப் பெரிதும் பயனுடையது.

பனூ ஹிலால் கோத்திரத்து வீரர் அபூ ஸைதின் கதையைப் பாடியோர் 'ஷுஅரா' எனப்பட்டனர். கெய்ரோவில் இவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் இருந்தனர். மம்லூக் சுல்தான் ளாஹிர் பைபர்ஸின் கதையைக் கூறியோர் ஏறத்தாழ முப்பது பேர். அன்தரா பின் ஷத்தாதின் கதையைக் கூறிய 'அனாதிரா' எனப்படுவோர் ஆறு பேர் மட்டுமே.

இம்மூன்று கதைகளும் பல தொகுதிகளாக விரிபவை. ஓர் இரவிலோ ஒரு வாரத்திலோ சொல்லி முடிக்க இயலாதவை. ஆகவே, நீளம் ஒன்றே வரவேற்பைத் தீர்மானிக்கும் எனின் இவற்றுக்கிடையே இத்துணை வேறுபாடு தோன்ற வழியில்லை. வேறுபாட்டுக்கான காரணத்தை அறிய லேன் தரும் மற்றொரு செய்தி துணைபுரிகின்றது. அபூ ஸைதின் கதையைப் பாடியோர் ரபாப் என்னும் நரம்பிசைக் கருவியுடன் மனனமாகப் பாடினர். பைபர்ஸின் கதையும் மனனமாகவே கூறப்பட்டது. அன்தராவின் கதை மட்டும் ஏட்டைக் கையில் வைத்து வாசிக்கப்பட்டது. ஏடு இன்றி இயங்கிய கதைக்குக் கதைகூறுவோர் பலர் இருந்தனர். ஏட்டைச் சார்ந்திருந்த கதைக்குச் சிலரே இருந்தனர்.

ஆயிரத்தொரு இரவுகளைப் பற்றி அவர் கூறுவது இதனினும் கவனத்துக்குரியது. முற்காலத்தில் பொது இடங்களில் கூறப்பட்டுவந்த அக்கதைகள் தம் காலத்தில் கேட்கப்படுவதில்லை என்கிறார் அவர். மக்களின் விருப்பம் குறைந்துவிட்டதை அவர் காரணமாகக் கூறவில்லை. பிரதிகள் அரிதாகிவிட்டன, முழுமையான பிரதி ஒன்று கிடைப்பினும் அதன் விலை கதைகூறுவோரின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருந்தது என்பதே அவர் காட்டும் காரணமாகும். உலகப் புகழ் பெற்ற ஒரு நெடுநூல், தன் நீளத்தின் காரணமாகவே தன் சொந்த மக்களின் செவிக்கு எட்டாமற் போன நிலையை இங்கு காண்கின்றோம். 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் அந்நூலை அச்சிட்டு வெளியிட்ட பின்னரே இந்நிலை மாறுவதற்கு வழி பிறந்தது.

வரவேற்பை அளப்பது எவ்வாறு?

அச்சுக்கு முந்திய காலத்தில் ஒரு நூலின் வரவேற்பை அளப்பதற்கு ஆய்வாளர்கள் சில அளவுகோல்களைக் கையாளுவர். எஞ்சியுள்ள கையெழுத்துப் பிரதிகளின் தொகை, அந்நூலுக்கு எழுதப்பட்ட உரைகள், பிற மொழிகளில் அதன் பெயர்ப்புகள், சபைகளிலும் வீடுகளிலும் அது ஓதப்பட்ட வழக்கம் என்பன அவற்றுள் முக்கியமானவை. மகாமாத் என்னும் கதைக்கோவையை இயற்றிய அல்-ஹரீரி (மறைவு: ஹி. 516 / கி.பி. 1122), தம் நூலின் 700 பிரதிகளுக்குத் தாமே அங்கீகாரம் வழங்கியதாக யாகூத் அல்-ஹமவி பதிவுசெய்துள்ளார். ஆசிரியரின் வாழ்நாளிலேயே ஒரு நூல் பெற்ற வரவேற்புக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஐம்பது தனித்தனி மகாமாக்களைக் கொண்டது அந்நூல். ஒவ்வொன்றும் ஓர் அமர்வில் வாசித்து முடிக்கத்தக்கது. 'மகாமா' என்னும் சொல்லே சபையைக் குறிப்பது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும், இவ்வளவுகோல்களைக் கையாளும்போது இரு விடயங்களில் எச்சரிக்கை தேவை.

முதலாவது, பிரதி எழுதுவதற்கான செலவு. காகிதம், மை, எழுத்தரின் ஊதியம், கட்டுமானம் ஆகிய யாவும் நூலின் நீளத்துடன் பெருகுவன. குறுநூல் ஒன்று இலவசமாகவே பரவும் எனலாம். வேறு பல நூல்களுடன் சேர்த்து ஒரே கட்டில் எழுதப்படும் 'மஜ்மூஆ'க்களில் அது இடம்பிடித்துக்கொள்ளும். எவரும் பெரிதாக விரும்பாத குறுநூலும் இவ்வாறு பிழைத்துவிடும். ஆனால், எவரும் விரும்பாத நெடுநூலைச் செலவு செய்து பிரதிபண்ண யாரும் முன்வரமாட்டார்கள். அது ஓரிரு தலைமுறைகளில் மறைந்துவிடும். ஆகவே, நம் கைக்கு எட்டியுள்ள பழைய நெடுநூல்களுள் பெரும்பாலானவை எவரோ ஒரு சாராரால் மிக விரும்பப்பட்டவையாகவே இருக்கும். அவற்றை மட்டும் பார்த்து, நெடுநூல்கள் யாவும் வரவேற்புப் பெறுபவை என்ற முடிவுக்கு வருவது கரைசேர்ந்த கப்பல்களை மட்டும் எண்ணிக் கடலில் புயலே இல்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அரசவையின் ஆதரவு. ஷாஹ்நாமாவின் புகழ்பெற்ற பிரதிகளுள் ஒன்று ஸபவி மன்னர் ஷாஹ் தஹ்மாஸ்புக்காக 16ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. 759 ஏடுகளையும் 258 ஓவியங்களையும் கொண்ட அப்பிரதி கலை வரலாற்றில் ஓர் அதிசயம். ஆயினும், அது மன்னரின் பெருமிதத்துக்குச் சான்றாகுமேயன்றி, மக்களின் வாசிப்புக்குச் சான்றாகாது. அந்நூலுக்கு மக்களிடம் இருந்த இடத்தைக் காண வேண்டின் ஈரானின் காப்பிக் கடைகளில் 'நக்கால்' எனப்படும் கதைகூறுவோரையே நாட வேண்டும். அவர்கள் நாளொரு பகுதியாகக் கதையை வளர்த்துச் சென்றனர். தந்தை என்றறியாது போரிட்டு மகன் மடியும் ருஸ்தம்–சுஹ்ராப் கதையின் உச்சக்கட்டம் கூறப்படும் நாளில் கூட்டம் நிரம்பி வழிந்தது.

விருப்பம் நூலை வளர்க்கிறது

ஹி. 377 / கி.பி. 987இல் தம் அல்-பிஹ்ரிஸ்த் நூலை எழுதிய இப்னுந் நதீம், 'ஹஸார் அப்ஸான்' என்னும் பாரசீக மூலத்தைக் கொண்ட இரவுக் கதைத் தொகுதியைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். ஆயிரம் இரவுகளைக் கொண்டதாயினும் அதிலுள்ள கதைகள் இருநூறுக்கும் குறைவே என்பது அவர் தரும் தகவல். அந்நூலின் இலக்கியத் தரம் பற்றி அவர் நல்ல அபிப்பிராயம் கொண்டிருக்கவில்லை. கற்றோரின் மதிப்பைப் பெறாத அந்நூல் மக்களின் நாவில் வாழ்ந்துவந்தது.

இன்று கிடைக்கும் பெரும் பிரதிகளுள் மிகப் பழையது சிரியாவில் எழுதப்பட்டு, இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் மூன்று தொகுதிகளாகப் பாதுகாக்கப்படுகின்றது. அதில் ஆயிரத்தொரு இரவுகள் இல்லை. 282ஆம் இரவில், ஒரு கதையின் நடுவிலேயே அது நின்றுவிடுகின்றது. இப்பிரதியை அடிப்படையாகக் கொண்டு முஹ்சின் மஹ்தி 1984இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு, பழைய நூலின் உருவம் நாம் நினைத்ததைவிட மிகச் சிறியது என்பதை உறுதிப்படுத்தியது.

அவ்வாறாயின் நூல் நீண்டது எவ்வாறு? பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் 1704இல் தம் மொழிபெயர்ப்பின் முதல் தொகுதியை வெளியிட்டதும் ஐரோப்பிய வாசகர்கள் மேலும் மேலும் கதைகளைக் கேட்டனர். கைவசமிருந்த பிரதி முடிந்துவிட்டது. வாசகர்களின் ஆர்வமோ தணியவில்லை. 1709இல் பாரிஸ் வந்திருந்த ஹலப் நகரத்து இளைஞரான ஹன்னா தியாப் தாம் அறிந்த கதைகளைக் கலானுக்குக் கூறினார். அலாவுத்தீனின் அற்புத விளக்கும், அலிபாபாவும் நாற்பது திருடர்களும் இவ்வாறு நூலுக்குள் புகுந்தவையே. கலானுக்கு முந்திய எந்த அரபுப் பிரதியிலும் அவ்விரு கதைகளும் காணப்படவில்லை. இன்று உலகெங்கும் 'ஆயிரத்தொரு இரவுகள்' என்றவுடன் நினைவுக்கு வரும் இரு கதைகள், நூல் புகழ்பெற்றதன் விளைவாக அதில் வந்து சேர்ந்தவை என்பது சிந்திக்கத்தக்கது. கலானின் பன்னிரண்டாம் தொகுதி 1717இல் வெளிவந்தது. எகிப்திலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலைப்பிலுள்ள எண்ணை நிறைவுசெய்யும் பொருட்டுப் பல்வேறு இடங்களிலிருந்து கதைகள் திரட்டிச் சேர்க்கப்பட்டன.

ஷாஹ்நாமாவின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. பிர்தௌஸி ஹி. 400 / கி.பி. 1010 அளவில் நிறைவுசெய்த அக்காப்பியம் ஆய்வுப் பதிப்புகளில் ஏறத்தாழ 50,000 ஈரடிப் பாக்களைக் கொண்டதாக உள்ளது. அறுபதினாயிரம் என்பது மரபு கூறும் எண்ணிக்கை. நாம் அறிந்த மிகப் பழைய பிரதி ஹி. 614 / கி.பி. 1217ஆம் ஆண்டினது, அதுவும் நூலின் முற்பாதி மட்டுமே. ஆசிரியருக்கும் அப்பிரதிக்கும் இடையில் இருநூறு ஆண்டுகள் உள்ளன. பின்வந்த பிரதிகளிலோ எழுத்தர்கள் புதிய பாக்களைச் சேர்த்த வண்ணம் இருந்தனர். பிர்தௌஸி விட்டுச்சென்ற வீரர்களின் கதைகளைப் பிற கவிஞர்கள் அதே யாப்பில் பாடினர். கி.பி. 1066இல் அஸதி தூஸி நிறைவுசெய்த கர்ஷாஸ்ப்நாமா அவற்றுள் ஒன்று. அத்தகைய காப்பியங்களின் பகுதிகள் பிற்கால ஷாஹ்நாமாப் பிரதிகளுக்குள்ளேயே நுழைந்துவிட்டன.

குறுநூலும் நீள்கிறது

இவ்வியக்கம் நெடுநூல்களுக்கு மட்டும் உரியதன்று. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி (ரஹ்) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பாடிய கஸீததுல் புர்தா ஏறத்தாழ 160 பைத்துகளை மட்டுமே கொண்டது. அதே கவிஞர் அதே பொருளில் பாடிய ஹம்ஸிய்யா 450க்கும் மேற்பட்ட பைத்துகளையுடையது. ஹம்ஸிய்யாவும் அறிஞர்களால் போற்றப்பட்டு, உரைகள் பெற்று, ஓதப்பட்டு வந்த கவிதையே. எனினும், மக்களின் நாவில் புர்தா பெற்ற இடம் அதற்குக் கிட்டவில்லை. ஒரே கவிஞர், ஒரே பொருள், ஒரே பக்தி என்றிருக்க, பத்துப் பிரிவுகளாக ஓர் அமர்விலேயே ஓதி முடிக்கத்தக்க புர்தாவே மொரோக்கோ முதல் இந்தோனேசியா வரை சபைகளின் நடுநாயகமாக விளங்கியது.

ஆயினும், புர்தா குறுநூலாகவே இருந்துவிடவில்லை. அதன்பால் மக்கள் கொண்ட பற்று அதனைச் சூழ்ந்து ஒரு பெரும் நூலகத்தையே எழுப்பியது. உரைகளும், உரைகளுக்கு விளக்கங்களும், மொழிபெயர்ப்புகளும் பெருகின. 'தக்மீஸ்' என்னும் யாப்பு முறையில் அக்கவிதையின் ஒவ்வொரு பைத்துக்கும் முன்னே மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தடிகளாக்கினர் புலவர்கள். 160 பைத்துகள், அதாவது 320 அடிகள், தக்மீஸில் 800 அடிகளாகின்றன. மூலத்தை மாற்றாமல், அதனுள் வாழ்வதற்கு அன்பர்கள் கண்ட வழி அது.

தமிழகத்துக் கடற்கரையிலும் இம்மரபு வேரூன்றியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸதகதுல்லாஹ் அப்பா (ரஹ்) (மறைவு: 1703), பாக்தாதைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் இயற்றிய வித்ரிய்யா என்னும் நபிபுகழ்க் கவிதைக்குத் தக்மீஸ் பாடினார். அது தமிழகத்திலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவந்தது. இங்கும் மக்கள் விரும்பிய ஒரு கவிதை, அவ்விருப்பத்தினாலேயே நீண்டது.

தேவை நூலைச் சுருக்குகிறது

இனி, இதன் மறுபக்கத்தை நோக்குவோம். அது வரலாற்று நூல்களில் தெளிவாகப் புலப்படுகின்றது. அந்நூல்கள் ஆக்க இலக்கியம் அல்லவெனினும், மக்கள் அவற்றைக் கதையைப் போன்றே விரும்பிக் கேட்டனர்.

இமாம் அத்தபரி (மறைவு: ஹி. 310 / கி.பி. 923) பற்றி அல்-கதீப் அல்-பக்தாதி கூறும் செய்தி ஒன்று பலரும் அறிந்ததே. உலக வரலாறு ஒன்றை எழுத விரும்புவதாக மாணவர்களிடம் அவர் கூறினார். எத்தனை ஏடுகள் என்று அவர்கள் வினவ, முப்பதாயிரம் என்றார். படித்து முடிப்பதற்கு முன் ஆயுளே முடிந்துவிடும் என்றனர் மாணவர்கள். ஊக்கங்கள் மடிந்துவிட்டனவே என்று வருந்தியவராக அவர் அதனை மூவாயிரம் ஏடுகளாகச் சுருக்கினார். தப்ஸீர் எழுதிய வேளையிலும் இதுவே நிகழ்ந்ததாகக் கூறப்படுகின்றது. நாம் இன்று வியந்து நோக்கும் அப்பெருநூல்கள் ஆசிரியரின் கண்ணுக்குச் சுருக்கங்களே.

சுருக்கம் அத்துடன் நிற்கவில்லை. ஸாமானிய அரசரின் ஆணைப்படி அவருடைய அமைச்சர் பல்அமி ஹி. 352 / கி.பி. 963இல் தபரியின் வரலாற்றைப் பாரசீகத்தில் தரத் தொடங்கினார். அவர் இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடர்களை நீக்கினார். ஒரே நிகழ்ச்சி பற்றிய பல அறிவிப்புகளைத் தபரி பக்கத்தில் பக்கமாக வைத்துச் சென்றிருக்க, பல்அமி அவற்றை இணைத்து ஒரே கதையோட்டமாக்கினார். அந்நூலின் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் உலக நூலகங்களில் உள்ளன. அரபு மூலத்தின் நிலையோ வேறு. தெ கூயேயின் தலைமையில் லைடனில் 1879 முதல் 1901 வரை வெளிவந்த பதிப்புக்கு, வெவ்வேறு நகரங்களில் சிதறிக் கிடந்த பகுதிப் பிரதிகளைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது.

இப்னு இஸ்ஹாக்கின் (மறைவு: ஹி. 150 / கி.பி. 767) ஸீரா நூலின் கதி இன்னும் வருந்தத்தக்கது. இப்னு ஹிஷாம் (மறைவு: ஹி. 218 / கி.பி. 833) அதனைச் சீர்செய்து சுருக்கினார். நபியவர்களின் (ஸல்) வாழ்வுடன் நேரடித் தொடர்பற்ற பழங்காலச் செய்திகளையும், நம்பகமற்ற கவிதைகளையும், வேறு சிலவற்றையும் தாம் விட்டுவிட்டதாக அவரே நேர்மையுடன் குறிப்பிட்டுள்ளார். அவருடைய நூல் இஸ்லாமிய உலகெங்கும் பரவியது. மூல நூலைப் பிரதிபண்ணுவோர் அருகினர். முழுமையான வடிவில் அது மறைந்தே போயிற்று. அதன் சில பகுதிகள் தபரி முதலியோரின் மேற்கோள்களில் எஞ்சின. மொரோக்கோவின் பாஸ் நகரில் கிடைத்த ஒரு பகுதி உள்ளிட்ட எச்சங்களைக் கொண்டு கலாநிதி முஹம்மத் ஹமீதுல்லாஹ் 1976இல் ஒரு பதிப்பை வெளியிட்டார். மக்கள் வரவேற்பைப் பெற்ற சுருக்கம், தன் தாய்நூலையே மறைத்துவிட்ட வரலாறு இது.

இவ்வபாயத்தை உணர்ந்தவர்களுள் இப்னு கல்தூன் (மறைவு: ஹி. 808 / கி.பி. 1406) முதன்மையானவர். கல்விக்கெனச் சுருக்க நூல்கள் பெருகுவது கல்விக்கே தீங்கு என்பதற்குத் தம் முகத்திமாவில் ஒரு தனி அத்தியாயத்தையே அவர் ஒதுக்கினார். ஆயினும், வரலாற்றின் விளையாட்டு அவரையும் விட்டுவைக்கவில்லை. முகத்திமா, கிதாபுல் இபர் என்னும் அவருடைய பெருநூலின் முற்பகுதியேயாகும். 1867இல் பூலாக்கில் முழுநூலும் ஏழு தொகுதிகளாக அச்சேறுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, 1857இல், முகத்திமா தனியே அச்சேறிவிட்டது. இன்று அந்த முற்பகுதியைப் பயின்றோர் பலர். அது எதற்கு முகவுரையாக எழுதப்பட்டதோ அந்நூலைப் பயின்றோர் மிகச் சிலரே.

தமிழ்க் காப்பிய மரபு

இச்சான்றுகளின் ஒளியில் நம் காப்பிய மரபை நோக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களையும், 92 படலங்களையும், 5,027 செய்யுள்களையும் கொண்டது. நாயகத்தின் (ஸல்) வாழ்வு முழுவதையும் பாடி முடிப்பதற்கு முன்னரே, உறனிக் கூட்டத்தார் படலத்துடன் அது நின்றுவிடுகின்றது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச்சீறா எனப் பாடி நிறைவுசெய்தார். மக்கள் விரும்பிய காப்பியம் ஒன்று குறைந்து நிற்பதைப் பொறாத ஒரு புலவர் அதனை நீட்டினார். கெய்ரோவிலும் ஈரானிலும் கண்ட அதே இயக்கம் இங்கும் நிகழ்ந்துள்ளது.

சீறாவின் நீளமே அதன் புகழுக்குக் காரணமா என்பதைச் சோதிக்க நம்மிடம் நல்லதோர் ஒப்பீடு உண்டு. 1842இல் சீறாவை முதன்முதலில் அச்சேற்றியவர் காயல்பட்டினம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஆவார். புலவர் நாயகம் எனச் சிறப்பிக்கப்படும் அவர், தாமே குத்பு நாயகம், திருக்காரணப் புராணம், நாகூர்ப் புராணம், திருமணி மாலை ஆகிய நான்கு பெருநூல்களை இயற்றியவர். நான்கு காப்பியங்களைத் தந்த அப்புலவர்பெருமான், இன்று பலராலும் தாம் இயற்றாத ஐந்தாவது காப்பியத்தைப் பதிப்பித்தவராகவே நினைவுகூரப்படுகின்றார். நீளத்தில் குறையாத நூல்கள் அவருடையவை. புலமையிலும் அவை குறைந்தவை அல்ல. ஆகவே, நீளம் வரவேற்பைப் பெற்றுத்தரவில்லை என்பது தெளிவு.

சீறாவுக்கு வாய்த்தது யாது? அதன் பொருள் ஒவ்வொரு முஸ்லிமின் நெஞ்சுக்கும் நெருக்கமானது என்பது முதற் காரணம். அதன் அமைப்பு இரண்டாவது காரணம். ஒவ்வொரு படலமும் ஏறத்தாழத் தன்னளவில் நிறைவு பெற்றது. ஒருவர் செய்யுளை ஓத, மற்றொருவர் பொருள் கூற, ஓர் இரவின் அமர்வுக்குப் பொருந்தி வருவது. முழு நூலையும் கற்றிராதோரும் மானுக்குப் பிணைநின்ற படலத்தையும் விடமீட்ட படலத்தையும் அறிந்திருந்தனர். மகாமாத்துக்கு ஒரு மகாமா எவ்வாறோ, இரவுகளுக்கு ஓர் இரவு எவ்வாறோ, அவ்வாறே சீறாவுக்குப் படலம் அமைந்தது. நெடுநூல் மக்களிடம் சென்றது முழுதாக அன்று. அமர்வு அமர்வாகவே சென்றது.

அமர்வின் ஆற்றலுக்குத் தக்கலை பீர்முஹம்மது அப்பாவின் (ரஹ்) ஞானப்புகழ்ச்சி மற்றொரு சான்று. அவருடைய நினைவு நாளின் இரவில் மக்கள் ஒன்றுகூடி, விடியும்வரை அந்நூலை முழுமையாகப் பாடி நிறைவுசெய்யும் வழக்கம் அங்கு உண்டு. ஆழ்ந்த மெய்ஞ்ஞானக் கருத்துகளைக் கொண்ட அந்நூலைத் தனியே அமர்ந்து பயிலுவோர் எத்துணைப் பேர் இருப்பர்? ஆனால், அதற்கென ஓர் இரவும், ஓர் இடமும், ஒரு கூட்டமும் இருப்பதால் கற்றோரும் மற்றோரும் அதனைத் தம் நாவில் ஏந்தி நிற்கின்றனர்.

நம்முன் உள்ள பணி

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இதுவே. நீண்ட நூல், நீண்டது என்பதற்காக வரவேற்பைப் பெறுவதில்லை. குறுகிய நூல், குறுகியது என்பதற்காக நிலைப்பதுமில்லை. ஒரு நூலைக் கேட்பதற்கு ஒரு சமுதாயம் எத்தகைய அமர்வை வைத்திருக்கின்றதோ, அவ்வமர்வுக்குப் பொருந்தும் அலகுகள் அந்நூலில் உள்ளனவா என்பதே பெரிதும் தீர்மானிக்கும் காரணியாகும். அமர்வு இருக்கும்வரை ஐயாயிரம் செய்யுளும் பாரமல்ல. அமர்வு மறைந்துவிட்டால் ஐந்நூறு செய்யுளும் பாரமே.

நம் காப்பியங்களின் இன்றைய நிலையை இக்கண்கொண்டே நோக்க வேண்டும். இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களை இன்று எவரும் படிப்பதில்லை, அவை மிக நீண்டவை, மொழியும் கடினம் என்று நாம் கூறிக்கொள்கின்றோம். அவற்றின் நீளம் அன்றும் இதுவே. நம் முன்னோர் எண்ணெய் விளக்கின் ஒளியில் கேட்டபோதும் செய்யுள் எண்ணிக்கை 5,027 தான். மாறியது அந்த அமர்வே. காப்பியம் ஓதக் கேட்கும் இரவுகள் நம் வீடுகளிலிருந்து மறைந்தன. நூல்கள் நல்ல பதிப்புகளாக அச்சிடப்பட்டு, அலுமாரிகளில் அமைதியாக உறங்குகின்றன.

சுருக்கங்களும் வசன வடிவங்களும் வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவற்றின் பணி பெரிது. பல்அமி இல்லையேல் பாரசீக மக்களுக்குத் தபரி எட்டியிருக்கமாட்டார். இப்னு ஹிஷாம் இல்லையேல் இப்னு இஸ்ஹாக்கின் பெரும்பகுதியும் நமக்குக் கிட்டியிராது. ஆனால், சுருக்கம் வாசலாக இருக்க வேண்டுமேயன்றி வீடாகிவிடக் கூடாது. வாசலே போதும் என்று ஒரு தலைமுறை நின்றுவிடுமாயின், அடுத்த தலைமுறைக்கு உள்ளே வீடு இருந்ததே தெரியாமற் போகும்.

சீறாப்புராணத்தில் 92 படலங்கள் உள்ளன. ஒரு பள்ளிவாசலிலோ, ஒரு நூலகத்திலோ, சில குடும்பங்கள் கூடும் ஓர் இல்லத்திலோ வாரம் ஒரு படலம் என ஓதிப் பொருள் கூறத் தொடங்கினால், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே முழுக் காப்பியத்தையும் கேட்டு முடித்துவிடலாம். சில படலங்கள் ஓர் இரவுக்கு அதிகமாகலாம். சில அரைமணி நேரத்தில் முடிந்துவிடலாம். அதனைத் தொடங்குவதற்குப் புதிய பதிப்பு தேவையில்லை, பெருஞ்செலவும் தேவையில்லை. செய்யுளைப் பிழையின்றி ஓத ஒருவரும், பொருளைத் தெளிவாகக் கூற ஒருவரும், கேட்க விரும்பும் சிலரும் இருந்தால் போதும்.